மாதக் கடைசியில் வயிறு நிறைய என்ன சமைக்கிறீர்கள்? தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

ஃபீனிக்ஸ்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. அவர் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் இவர் வேலையும் போய்விட்டது. நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன், அந்தக் காசு ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை தருகிற சாசாவிலிருந்து தலைக்குக் கொஞ்சம் பணம் வருகிறது. மாமியார் பென்ஷன் வாடகைக்கும் தண்ணீர் பில்லுக்கும் சரியாகப் போய்விடுகிறது.

மாதம் பிறந்து இரண்டு வாரம் எப்படியோ ஓடிவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து ரொட்டியும் டீயும், இல்லாவிட்டால் வெறும் சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும்தான். தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் அம்மா பசிக்குது என்று பெரியவன் வந்து நிற்கிறான். அதுதான் மனசுக்குத் தாங்கவில்லை.

என்னிடம் இரண்டு தட்டு மின்அடுப்பு, ஒரு பெரிய பானை, ரொட்டிக்கல் இருக்கின்றன. ஓவன் கிடையாது, குக்கர் கிடையாது. கரண்ட் ப்ரீபெய்ட். பீன்ஸ் வேகவைத்தால் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே பயமாகிவிடுகிறது, அதனால் பீன்ஸ் வாங்குவதை நிறுத்தியிருக்கிறேன். இணையத்தில் வருகிற சிக்கனச் சமையல் எல்லாம் யாரோ வேறு நாட்டு ஆட்களுக்கு எழுதியது. நம் ஊரில், நம் கடையில் கிடைக்கிற சாமானில், நம் வீட்டுப் பிள்ளைகள் தின்கிற மாதிரி என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சாட்ஸ்வொர்த்_ஆயா:

மகளே, பீன்ஸை மட்டும் நிறுத்தாதே. கரண்ட் செலவுக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன் கேள்.

புள்ளி போட்ட சுகர் பீன்ஸ் இருக்கிறதே, அதை ராத்திரி படுக்கும் முன் நிறையத் தண்ணீரில் ஊறப்போடு. பானை பெரிதாக இருந்தால் அதோடு சாம்பையும், அதுதான் உடைத்த மக்காச்சோளம், சேர்த்தே ஊறப்போடலாம், நம் பக்கத்து வீட்டு ஸுலு அம்மாக்கள் செய்கிற மாதிரி இரண்டும் சரிபாதி. காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்று. தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததும் மணியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் கொதிக்கவிடு. சும்மா ஓரத்தில் குமிழி விடுகிற கொதி போதாது, நடுவில் பொங்கிப் புரள வேண்டும். அப்புறம் மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு அதன்மேல் பழைய கம்பளியை விரித்து, பானையை நடுவில் வைத்து எல்லாப் பக்கமும் இறுக்கமாகச் சுற்றி, மேலே ஒரு தலையணையை வைத்து அமுக்கிவிடு. காலை ஏழு மணிக்கு மூடினால் மத்தியானம் திறக்கும்போது பானையைக் கையால் தொட முடியாது, அவ்வளவு சூடு இருக்கும். பீன்ஸை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தால் நசுங்க வேண்டும். நசுங்கவில்லையா, பத்துப் பதினைந்து நிமிஷம் மறுபடி கொதிக்கவிட்டால் முடிந்தது.

பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், அரைப் பானையில் சூடு நிற்காது. புளியும் தக்காளியும் பீன்ஸ் வெந்த பிறகுதான். முதலிலேயே புளிப்பைச் சேர்த்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் பீன்ஸ் கல்லாகவே இருக்கும். கடைசியில் கொஞ்சம் எண்ணெயில் கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து மசாலாத்தூள் போட்டுக் கொட்டு. மசாலாவில் சிக்கனம் பார்க்காதே. ஒரு பெரிய பானைக்கு இரண்டு கரண்டித் தூள்தான் ஆகும், ருசி இருந்தால்தான் பிள்ளைகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டும்.

இன்னொன்று கூழ். இங்கே ஆடி மாசம் மாரியம்மனுக்கு ஊற்றுகிறோம், வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறோம், அதோடு அடுத்த ஆடிக்குத்தான் நினைப்பு வருகிறது. ஏன் அப்படி? மக்காச்சோள மாவு இரண்டு கப்பை சாயங்காலமே தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து மூடி வை. டர்பன் வெயிலில் ஒரே ராத்திரியில் புளித்துவிடும், குளிர்காலத்தில் இன்னொரு பகல் வேண்டும். ஒரு கைப்பிடி மீலி ரைஸையோ (அரிசி மாதிரி உடைத்த சோளம்) நொய்யரிசியையோ குழைய வேகவைத்து, அதில் இந்தக் கரைசலை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறி வேகவிடு. ஆறிய பிறகு மாஸ் ஊற்றி, உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். மாஸ் நம் கடைந்த தயிர் மாதிரிதான், பாலை விட நாள் தாங்கும். காலையில் ஒரு பெரிய கோப்பை குடித்துவிட்டுப் போகிற பிள்ளை பத்து மணிக்குப் பசி என்று வராது.

சில வீட்டில் மீலி ரைஸ் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வரும். 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களும் அரிசியும் பருப்பும் கருவாடும் ரேஷனாக வாங்கியவர்கள். அரிசி கிடைக்காதபோது சோளத்தை அரிசி மாதிரி உடைத்து ஆக்கிப் பிள்ளை வளர்த்தார்கள். அது நம் சாப்பாடுதான்.


டோங்காட்_தம்பி:

ஆயா சொன்னதெல்லாம் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். எதையும் சின்னப் பாக்கெட்டில் வாங்காதீர்கள் அக்கா. மாதம் பிறந்ததும் மாவு பத்து கிலோ, அரிசி பத்து கிலோ, பீன்ஸ் ஐந்து கிலோ மூட்டையாகப் போட்டுவிட்டால் கிலோவுக்கு நல்ல வித்தியாசம் வருகிறது. சின்னப் பாக்கெட் வாங்கி வாங்கித்தான் ஏழைகள் அதிகம் செலவழிக்கிறார்கள்.


மெரிபேங்க்_அண்ணன்:

தம்பி, கணக்கு சரிதான், ஆனால் ஒரே நாளில் மூன்று மூட்டைக்குக் காசு கையில் இருந்தால் அந்த அம்மா இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டார். மாதம் பிறந்ததும் வாடகை, கரண்ட், பள்ளி வண்டி என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். கையில் மிஞ்சுகிற நூறு ரேண்டுக்கு அன்றைக்கு எது கிடைக்குமோ அதைத்தான் வாங்க முடியும்.

அதற்கு வழி கூட்டாகச் சேர்வதுதான். எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்து ஸ்டாக்வெல் மாதிரி வைத்திருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மூட்டை மாவு, ஒரு மூட்டை சாம்ப், ஒரு மூட்டை பீன்ஸ் வாங்கி, ஒருவர் வீட்டுத் திண்ணையில் தராசு வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். மூட்டை விலையும் கிடைக்கிறது, ஒருவர் தலையில் பாரமும் விழுவதில்லை. காசு கொடுக்க முடியாத மாதம் ஒரு வீடு சும்மா இருந்தாலும் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை.

கடையில் இன்னொன்றைக் கவனியுங்கள். சாமானுக்குப் போடுகிற வாட் வரி 15 சதவீதம், ஆனால் சில அடிப்படைச் சாமானுக்கு வாட்டே கிடையாது. பழுப்பு ரொட்டி, மக்காச்சோள மாவு, சாம்ப், மீலி ரைஸ், அரிசி, காய்ந்த பீன்ஸ், பருப்பு வகை, டின் பில்சர்ட் மீன், பால், மாஸ், பால்பவுடர், முட்டை, சமையல் எண்ணெய், பச்சைக் காய்கறி, பழம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் ரொட்டி மாவையும் கேக் மாவையும் சேர்த்தார்கள், அதனால் வீட்டில் சுடுகிற ரொட்டிக்கு மாவு வாங்கினால் வாட் இல்லை. வெள்ளை ரொட்டிக்கு உண்டு, கோழிக்கு உண்டு, பாலோனி இறைச்சிக்கு உண்டு. ஆயா சொன்ன சமையல் கிட்டத்தட்ட முழுவதும் வாட் இல்லாத சாமான்தான், பார்த்தீர்களா?

சமையலை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்காரரை ஆட்குறைப்பில்தானே அனுப்பினார்கள்? சம்பளத்தில் யூஐஎஃப், அதாவது வேலையில்லாதோர் காப்பீட்டுப் பணம், பிடித்திருந்தால் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு, வேலை போன நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். அது முடிந்த பிறகும் வேலை கிடைக்கவில்லை என்றால் வேலையில்லாதவர்களுக்கான சாசா உதவிக்குப் போடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தரமாட்டார்கள். மின்சாரத்தில் வறிய குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட்டாவது இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று தேசியக் கொள்கையே இருக்கிறது, உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று நகராட்சி ஆபீசில் போய்க் கேளுங்கள்.

ஆயாவின் பெட்டிக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 1,500 வாட்ஸ் மின்தட்டு முழுச்சூட்டில் இரண்டு மணி நேரம் எரிந்தால் 3 யூனிட். அரை மணியில் நிறுத்தினால் முக்கால் யூனிட். வாரம் மூன்று தடவை பீன்ஸ் வைக்கிற வீட்டில் மாதக் கடைசியில் இது நன்றாகவே தெரியும்.


மாரிட்ஸ்பர்க்_நர்ஸ்:

தங்கச்சி, நான் கிளினிக்கில் குழந்தைகள் எடை பார்க்கிற இடத்தில் இருக்கிறேன், அதனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனசு வரவில்லை.

பெரியவனுக்கு ஏன் உடனே பசிக்கிறது என்றால், வெறும் சோறும் உருளைக்கிழங்கும் வயிற்றில் நிற்காது. பருப்போ பீன்ஸோ முட்டையோ மீனோ சேர்ந்தால்தான் பசி தாங்கும், பிள்ளை வளரவும் அதுதான் வேண்டும். சோளத்தில் லைசின் என்கிற சத்து குறைவு, பீன்ஸில் அது நிறைய. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டிவிடும். அதனால்தான் சாம்பும் பீன்ஸும், சோறும் பருப்பும் என்று பழைய ஆட்கள் சேர்த்தே வைத்தார்கள். காசு குறையும்போது எல்லாரும் முதலில் வெட்டுவது பருப்பைத்தான், கிளினிக்கில் அதைத் தினமும் பார்க்கிறேன், தயவுசெய்து கடைசியாக அதை வெட்டுங்கள். சர்க்கரை, பிஸ்கட், கலர் ஜூஸ், சிப்ஸ் இவை முதலில் போகட்டும்.

பீன்ஸ் விஷயத்தில் ஆயா அரை மணி நேரம் கொதிக்க வேண்டும் என்றது வேகுவதற்காக மட்டும் இல்லை. இந்தச் சாதிப் பீன்ஸில், முக்கியமாகச் சிவப்பு கிட்னி பீன்ஸில், சரியாக வேகாவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கிற ஒன்று இருக்கிறது. குறைந்தது பத்து நிமிஷமாவது பலமாகக் கொதித்தால்தான் அது அழியும், இளஞ்சூட்டில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அழியாது. ஊறவைத்த உடனே பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று யாரும் குறுக்குவழி எடுக்காதீர்கள்.

டின் மீன் கிடைக்கிற வாரம் அதை வாங்குங்கள். ஒரு டின் பில்சர்ட்டை ஐந்து பேருக்கு நீட்டிக்க முடியும். வெங்காயம், பூண்டு, மசாலாத்தூள் வதக்கி, உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் போட்டு முக்கால்வாசி வேகவிட்டு, புளித்தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, கடைசி ஐந்து நிமிஷத்தில் டின்னில் இருக்கிற தக்காளிச் சாறோடு மீனைப் போடுங்கள். முள்ளை எடுத்து எறியாதீர்கள். அது டின்னிலேயே மெத்தென்று வெந்திருக்கும், விரலால் நசுக்கி சாற்றில் கரைத்துவிட்டால் சின்னவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது, எலும்புக்கு வேண்டிய கால்சியம் அதில்தான் இருக்கிறது.

டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள். சாதா டீ சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள், இல்லை ரூய்போஸ் மூலிகை டீ கொடுங்கள். கடையில் விற்கிற மக்காச்சோள மாவில் 2003 அக்டோபரிலிருந்து இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ எல்லாம் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆகையால் கூழ் குடிப்பதால் சத்துக் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

சின்னவளை ரோட் டு ஹெல்த் புத்தகத்தோடு (எடையும் ஊசியும் குறிக்கிற கிளினிக் புத்தகம்) கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எடை பாருங்கள். ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு அரசு கிளினிக்கில் காசு கிடையாது. ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ கொடுப்பார்கள், விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்குங்கள். பெரியவன் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு போடுகிறார்களா? 1 முதல் 3 வரை பிரிவில் இருக்கிற, அதாவது ஏழ்மையான பகுதிப் பள்ளிகளுக்கு அரசே சாப்பாடு தருகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத பள்ளியாக இருந்தாலும் வகுப்பு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள், நிறையப் பள்ளிகளில் இதற்கென்று ஏதாவது ஏற்பாடு வைத்திருப்பார்கள். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.


ஃபீனிக்ஸ்_அம்மா:

இத்தனை பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ரொம்ப நன்றி. யூஐஎஃப் விஷயம் அவருக்குத் தெரியும், ஆனால் கம்பெனி கொடுக்க வேண்டிய பேப்பரை இழுத்தடிக்கிறார்கள் என்று விட்டுவிட்டார், திங்கட்கிழமை லேபர் ஆபீசுக்கு நேராகவே போகச் சொல்லியிருக்கிறேன்.

ஆயா, பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டேன். காலையில் மூடி மத்தியானம் திறந்தேன், சாம்ப் குழைந்து பீன்ஸ் வெண்ணெய் மாதிரி இருந்தது. மாமியார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மீட்டரைப் பார்க்கப் போகவே பயமில்லை.

இரண்டு சந்தேகம். சின்னவள் பீன்ஸைத் துப்பிவிடுகிறாள், தோல் வாயில் ஒட்டுகிறதாம். அவளுக்கு என்ன செய்வது? இன்னொன்று, ஃபிரிட்ஜ் இருக்கிறது, ஆனால் சரியாகக் குளிர்வதில்லை. மிஞ்சிய பீன்ஸ் குழம்பைப் பெட்டிக்குள்ளேயே ராத்திரி முழுவதும் வைத்திருந்து மறுநாள் சாப்பிடலாமா?


சாட்ஸ்வொர்த்_ஆயா:

சின்னவளுக்கு மைசூர்ப் பருப்பு வாங்கு மகளே. ஊறவைக்கவே வேண்டாம், இருபது நிமிஷத்தில் கரைந்துவிடும், கரண்டும் மிச்சம். பட்டாணிப் பருப்பு விலை குறைவுதான், ஆனால் அடுப்பில் ஒரு மணி நேரம் நிற்கும், அதையும் வேண்டுமானால் பெட்டிக்குள் தள்ளிவிடலாம். மைசூர்ப் பருப்போடு ஒரு துண்டு பூசணிக்காயைப் போட்டு மசித்துவிட்டால் இனிப்பாக இருக்கும், சோற்றில் பிசைந்து ஊட்டு. பீன்ஸைக் கரண்டியால் நசுக்கி வெங்காயம் போட்டு வதக்கி ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்துப் பார், என் பேத்தி அப்படித்தான் பழகினாள்.

கீரைக்குக் காசு கொடுக்காதே. முளைக்கீரை நம் ஊரில் வேலி ஓரமெல்லாம் தானாக வளர்கிறது, இம்ஃபினோ என்று ஸுலு ஆட்கள் பறிக்கிற கீரைகளில் அதுவும் ஒன்று. ஆள் நடக்கிற சாலை ஓரத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதே, மற்றபடி நன்றாக அலசிப் பூண்டு தட்டிப்போட்டு வதக்கு. மடும்பி (நம் சேப்பங்கிழங்கு) விலை இறங்குகிற பருவத்தில் அதையும் வாங்கி வேகவைத்துத் தோலுரித்துப் புளிக்குழம்பு வை, ஒரு துண்டு கருவாடு போட்டால் போதும், குழம்பு மணக்கும். சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு வர முடிந்தால் கடை கட்டுகிற நேரத்துக்கு வா, மிஞ்சிய காயைக் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.


மாரிட்ஸ்பர்க்_நர்ஸ்:

ராத்திரி முழுவதும் பெட்டிக்குள் வைக்காதீர்கள் தங்கச்சி. சூடு இறங்கி இளஞ்சூடாகிற நேரத்தில்தான் கிருமி வேகமாகப் பெருகும். மத்தியானம் திறந்ததும் சாயங்காலத்துக்கு வேண்டியதைத் தனியாக எடுத்துச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ராத்திரி சாப்பிடும் முன் நடுவில் பொங்குகிற வரை மறுபடி கொதிக்கவிடுங்கள். மறுநாளுக்கு வைக்க வேண்டும் என்றால் அகலமான பாத்திரத்தில் மெல்லிசாகப் பரப்பி, குளிர்ந்த தண்ணீர் இருக்கிற தட்டின்மேல் வைத்து, சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். உங்கள் ஃபிரிட்ஜ் சரியில்லை என்பதால் ஒரு நாளைக்கு மேல் வேண்டாம். சோற்றுக்கும் இதேதான், வடித்த சோறு வெளியில் சூடாகவே கிடக்கக்கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோடைக்காலத்தில் ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் சமைப்பேன், ஊறப்போடுகிற பீன்ஸை அளந்து போட்டால் மிஞ்சாது. ஐந்து பேருக்கு ஊறாத பீன்ஸ் இரண்டு கப், சாம்ப் இரண்டு கப், அது இரண்டு வேளைக்கு வரும். உங்கள் பானையில் அது ஆயா சொன்ன முக்கால்வாசிக்குக் கீழே நின்றால் கொஞ்சம் சின்னப் பானையாக யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.